வினைச்சொல்லைத் தனியாக விடாதீர்கள்

விராலிமலை ஒன்றியத்துப் பள்ளிகளில் ஆங்கிலம் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு,



உங்களிடம் ஒரே ஒரு பாடத்தைப் பற்றி மனம்விட்டுப் பேச வேண்டும். ஆங்கிலத்தில் நம் பிள்ளைகளுக்கு எது சிரமம் என்று கேட்டால் டென்ஸ் என்போம், ஆக்டிவ் வாய்ஸ், பாசிவ் வாய்ஸ் என்போம். அவற்றுக்காவது சூத்திரம் இருக்கிறது. திரும்பத் திரும்பப் பயிற்சி கொடுத்தால் பாதி வகுப்பாவது பிடித்துக்கொள்கிறது. ப்ரிபோசிஷன் அப்படியில்லை. பத்தாம் வகுப்பில் தப்பாக எழுதிய பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பிலும் அதையே எழுதுகிறது. பட்டம் வாங்கிய பிறகு, திருச்சி–மதுரை நெடுஞ்சாலை ஓரத்துத் தொழிற்சாலைகளில் ஒன்றுக்கு நேர்முகத் தேர்வுக்குப் போய் உட்காரும்போதும் அதையே சொல்கிறது. பிள்ளைகள் படிக்கவில்லை என்று இதற்குக் காரணம் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. நாம் சொல்லித்தரும் வழியில்தான் ஏதோ விடுபட்டிருக்கிறது.

நாம் எப்படித் தொடங்குகிறோம்? மேசை மேல் புத்தகம் வைத்து ‘ஆன்’ என்கிறோம். பெட்டிக்குள் சாக்பீஸ் போட்டு ‘இன்’ என்கிறோம். நாற்காலிக்கு அடியில் பையைத் தள்ளி ‘அண்டர்’ என்கிறோம். இப்படிப் பொருளைக் கையில் காட்டிப் பழக்கும் முறைக்கு நம் மாநிலத்தில் நீண்ட வரலாறு உண்டு. 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அன்றைய சென்னை மாநிலத்தில், பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு, தொடக்கநிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் சுமார் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தரும் பெருமுயற்சி நடந்தது. பயிற்சி பெற்றவர் பலருக்கு, அந்தப் பலர் இன்னும் பலருக்கு என்று உருண்டு பெருகும் ஏற்பாடு என்பதால் ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ என்றே அதைக் குறிப்பிட்டார்கள். வாக்கிய அமைப்புகளைப் படிப்படியாக, செய்து காட்டிப் பழக்குவதுதான் அதன் அடிப்படை.

இடத்தைக் காட்டும் ப்ரிபோசிஷனுக்கு இன்றும் அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் ‘டிபெண்ட் ஆன்’ என்பதில் எது மேசை, எது புத்தகம்? ‘லிஸன் டு’ என்பதை எந்தப் பெட்டியைத் திறந்து காட்டுவது? இந்த இடம் வந்ததும் நம் கையில் ஒன்றும் இல்லாமல் போகிறது. உடனே பட்டியலுக்குத் தாவுகிறோம். எந்தச் சொல்லுக்குப் பின் எது என்று பலகையில் வரிசையாக எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். பொதுத்தேர்வில் கோடிட்ட இடத்தை நிரப்பும் ஒரு மதிப்பெண்ணுக்கு அது உதவுகிறது. பேச்சுக்கும் எழுத்துக்கும் உதவுவதில்லை.

பிள்ளைகளின் நோட்டிலிருந்து சில வாக்கியங்களை எடுத்துப் பார்ப்போம். ‘ஐ ஆஸ்க்ட் டு மை ஃபாதர்.’ ‘வி டிஸ்கஸ்ட் அபவுட் த ப்ராப்ளம்.’ ‘ஹி ஈஸ் ஆங்க்ரி ஆன் மி.’ ‘மை சிஸ்டர் மேரிட் வித் அன் எஞ்சினியர்.’ ‘ஐ ஜாயின்ட் இன் த கம்பெனி.’ ‘லுக் மி.’ இவற்றில் ஒன்றுகூடக் குருட்டாம்போக்கில் எழுதியது இல்லை. அப்பாவிடம் கேட்டேன், பிரச்சினையைப் பற்றிப் பேசினோம், என் மேல் கோபமாக இருக்கிறான், எஞ்சினியரோடு கல்யாணம் ஆயிற்று, கம்பெனியில் சேர்ந்தேன், என்னைப் பார் என்று ஒவ்வொன்றின் பின்னாலும் பிழையில்லாத ஒரு தமிழ் வாக்கியம் நிற்கிறது. ‘இடம்’ இருந்த இடத்தில் ‘டு’, ‘மேல்’ இருந்த இடத்தில் ‘ஆன்’, ‘ஓடு’ இருந்த இடத்தில் ‘வித்’, ‘இல்’ இருந்த இடத்தில் ‘இன்’ என்று அந்தப் பிள்ளை சீராக மாற்றியிருக்கிறது. அதாவது, வேற்றுமை உருபை நன்றாக அறிந்த பிள்ளைதான் இந்தத் தப்பைச் செய்யும். நாம் சிவப்பு மையில் சுழிக்கும்போது அந்த அறிவையும் சேர்த்துச் சுழித்துவிடுகிறோம்.

அந்த அறிவைப் பாடத்துக்குள் கொண்டுவாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

வினைச்சொல் ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய உருபைத் தானே கேட்டு வாங்கும் என்பது நமக்குப் புதிய செய்தி இல்லை. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில் ஒன்பது இயல்கள். அவற்றில் மூன்று வேற்றுமைக்கே ஒதுக்கப்பட்டவை. நடுவில் உள்ள வேற்றுமை மயங்கியலை ஆங்கில ஆசிரியர் ஒவ்வொருவரும் ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அச்சத்தைக் குறிக்கும் சொல்லுக்கு ஐந்தாம் வேற்றுமையும் வரலாம், இரண்டாம் வேற்றுமையும் வரலாம், பொருள் குறையாது என்கிறார் தொல்காப்பியர். பழியின் அஞ்சினான் என்றாலும் பழியை அஞ்சினான் என்றாலும் சரி. சார்தல் என்ற சொல்லுக்கும் செல்லுதல் என்ற சொல்லுக்கும் ஏழாம் வேற்றுமையும் இரண்டாம் வேற்றுமையும் எப்படி மாறி வரும் என்று தனித்தனியாகச் சொல்கிறார். சார்தல் என்பது இன்று நாம் தலையைப் பிய்த்துக்கொள்ளும் அதே ‘டிபெண்ட் ஆன்’ அல்லவா? இந்த வினைக்கு இந்த உருபு என்று வினை வினையாகப் பார்த்து எழுதிய இலக்கணம் நம் கையில் இருக்கிறது. அதன் பிறகும் உருபுகள் நகர்ந்துகொண்டேதான் வந்திருக்கின்றன. இன்று நாம் பாம்புக்குப் பயப்படுகிறோம். ஐந்தாம் வேற்றுமையும் போய், இரண்டாம் வேற்றுமையும் பேச்சில் மங்கி, நான்காவது வந்து உட்கார்ந்துவிட்டது.

ஆங்கிலத்துக்கு அந்த அச்சம் ‘அஃப்ரெய்ட் ஆஃப்’. நம் பிள்ளை கு-வை வைத்து ‘அஃப்ரெய்ட் ஃபார் த ஸ்நேக்’ என்று எழுதினால், பாம்புக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று கவலைப்படுவதாகப் பொருள் மாறிப்போகும். இதைத் தமிழில் விளக்கிச் சொன்னால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். ஆங்கிலத்திலேயே விளக்கப் போனால் மணி அடித்துவிடும்.

கு-வைக் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம், அதில்தான் குழப்பம் அதிகம். பள்ளிக்குப் போனேன் என்பதில் அது ‘டு’. அம்மாவுக்குச் சேலை எடுத்தேன் என்பதில் ‘ஃபார்’. ஐந்து மணிக்கு வருவேன் என்பதில் ‘அட்’. விராலிமலைக்குக் கிழக்கே என்பதில் ‘ஆஃப்’. எனக்கு ஃபோன் பண்ணு என்பதில் ஒன்றுமே இல்லை, வெறும் ‘கால் மி’. எனக்குப் பசிக்கிறது என்பதிலோ ‘எனக்கு’ என்பது ‘ஐ’ ஆகி வாக்கியத்தின் தலைக்கே போய்விடுகிறது. ஒரே உருபு இத்தனை வேலை செய்யும்போது, கு என்றால் ‘டு’ என்று மூன்றாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை யாராவது ஒருநாள் அவிழ்த்துவிட வேண்டும். அவிழ்க்காமல் விட்டதால்தான் ‘ரீச்ட் டு மதுரை’, ‘கோ டு ஹோம்’, ‘கால் டு மி’ எல்லாம் வருகின்றன.

இந்த மடலில் நீங்கள் ஒரு பத்தியை மட்டும் வகுப்புக்கு எடுத்துப் போவதானால் அது இனி வருவதாக இருக்கட்டும். ஒன்றைச் சொல்லத் தமிழில் பெரும்பாலும் இரண்டு வழி உண்டு. அதில் ஒன்று ஆங்கிலத்தோடு அப்படியே பொருந்தும். பிரச்சினையைப் பற்றி விவாதித்தோம் என்று சொல்லலாம், பிரச்சினையை விவாதித்தோம் என்றும் சொல்லலாம். இரண்டாவதுதான் ‘டிஸ்கஸ்ட் த ப்ராப்ளம்’, அங்கே ‘அபவுட்’டுக்கு வேலை இல்லை. அப்பாவிடம் கேட்டேன் என்போம், அப்பாவைக் கேட்டேன் என்றும் வீட்டில் நாள்தோறும் சொல்கிறோம். அதுதான் ‘ஆஸ்க்ட் மை ஃபாதர்’. மதுரைக்குப் போய்ச் சேர்ந்தேன், மதுரை போய்ச் சேர்ந்தேன். வீட்டுக்குத் திரும்பினேன், வீடு திரும்பினேன். பின்னதில் உருபு இல்லை, ‘ரிட்டர்ன்ட் ஹோம்’ என்பதிலும் ‘டு’ இல்லை. ஊருக்குள் புகுந்தார்கள் என்பதை ஊர் புகுந்தார்கள் என்றால் ‘எண்டர்’ பொருந்திவிடும், ‘இன்டு’ தேவைப்படாது. எஞ்சினியரோடு கல்யாணம் என்பதை விட்டு எஞ்சினியரை மணந்தாள் என்றால் ‘மேரிட் அன் எஞ்சினியர்’. முருகன் கோயிலுக்குப் படியேறிப் போகும் நம் ஊர்ப் பிள்ளைகள் ‘க்ளைம்ட் ஆன் த ஹில்’ என்று எழுதுகிறார்கள். மலை மேல் ஏறினோம் என்று நினைத்து எழுதுவது அது. மலை ஏறினோம் என்று சொல்ல வையுங்கள், ‘ஆன்’ தானே கழன்று விழும்.

இதைக் குறுக்குவழி என்று ஒதுக்க வேண்டாம். ஆங்கில வாக்கியத்துக்குப் பொருந்தும் தமிழ் வாக்கியத்தைத் தேடுவதற்காகப் பிள்ளை தன் மொழிக்குள்ளேயே ஒரு நிமிஷம் நின்று யோசிக்கிறது. அந்த யோசனைதான் இலக்கணப் பயிற்சி.

எல்லாவற்றுக்கும் இப்படிப் பொருத்தம் கிடைக்காது. இரண்டாம் வேற்றுமை பெரிய சோதனை. மயிலைப் பார், பாட்டைக் கேள், பேனாவைத் தேடு என்று நாம் வெறும் ஐ போட்டு முடிக்கும் இடத்தில் ஆங்கிலம் ‘லுக் அட்’, ‘லிஸன் டு’, ‘லுக் ஃபார்’ என்று ஆளுக்கொன்று கேட்கிறது. ‘ஸீ’க்கும் ‘ஹியர்’க்கும் ஒன்றும் வேண்டாம், ‘லுக்’குக்கும் ‘லிஸன்’னுக்கும் கட்டாயம் வேண்டும். இங்கேயும் ‘அட்’டுக்கு மட்டும் தமிழில் ஒரு கைப்பிடி உண்டு. அது ‘பார்த்து’ என்ற சொல். என்னைப் பார்த்துச் சிரித்தான், என்னைப் பார்த்துக் கத்தினார், நாயைப் பார்த்துக் கல்லை எறிந்தான். மூன்றிலும் செயலுக்கு ஒரு குறி இருக்கிறது. மூன்றுமே ஆங்கிலத்தில் ‘அட்’தான்: ‘லாஃப் அட்’, ‘ஷவுட் அட்’, ‘த்ரோ அட்’. நாய்க்கு எலும்பு போட்டான் என்னும்போது ‘த்ரோ டு’ ஆகிவிடும். எலும்பு நாய்க்காக, கல் நாயின் மேல். தமிழில் கு-வும் ‘பார்த்து’வும் காட்டும் வேறுபாட்டைத்தான் ‘டு’வும் ‘அட்’டும் காட்டுகின்றன. இந்த இரண்டு வாக்கியங்களைப் பலகையில் எழுதிப் பாருங்கள். வகுப்பு பேச ஆரம்பித்துவிடும்.

‘குட் அட் மேத்ஸ்’, ‘ஆங்க்ரி வித் மி’ போன்றவற்றுக்குத் தமிழில் துணை கிடையாது. கணக்கில் கெட்டி, என் மேல் கோபம் என்றுதான் நாம் சொல்வோம். இவற்றை முழுதாக வாயில் ஏற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. அது முடியுமா என்று சந்தேகப்படுபவர்கள் நம் பிள்ளைகள் எழுதும் லீவ் லெட்டரை எடுத்துப் பாருங்கள். ‘ஆஸ் ஐ அம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாக எழுதிவருகிறோம். காய்ச்சலால் அவதிப்படுகிறேன் என்பது தமிழ். ஆல் என்ற உருபை நேராகப் பெயர்த்தால் ‘பை’ என்றுதான் வர வேண்டும். ‘சஃபரிங் பை ஃபீவர்’ என்று எழுதிய ஒரு பிள்ளையை நான் பார்த்ததே இல்லை. ஏன்? ‘சஃபர்’ என்ற சொல்லைத் தனியாகவும் ‘ஃப்ரம்’ என்ற சொல்லைத் தனியாகவும் நாம் அவர்களுக்குக் கொடுத்ததே கிடையாது. இரண்டும் ஒரே மூச்சில் வந்தன, ஒரே மூச்சில் தங்கிவிட்டன. இலக்கணம் பிடிபடாத பிள்ளைகூட இதில் தடுக்கி விழுவதில்லை. விடுமுறைக் கடிதத்தில் தற்செயலாக நடந்த இந்த நல்ல காரியத்தை இன்னொரு ஐம்பது வினைகளுக்கு நாம் வேண்டுமென்றே செய்யக் கூடாதா?

வார்த்தை – பொருள் என்று நோட்டில் இரண்டு பத்தி போட்டு, ‘லிஸன்’ – கேள், ‘வெயிட்’ – காத்திரு, ‘டிபெண்ட்’ – சார்ந்திரு என்று எழுதவைப்பதை அருள்கூர்ந்து நிறுத்துங்கள். ‘லிஸன் டு’ – கேள், ‘வெயிட் ஃபார்’ – காத்திரு என்று எழுதவையுங்கள். எழுத்துக்கூட்டச் சொல்லும்போதும் சேர்த்தே சொல்லட்டும். ‘டிஸ்கஸ்’, ‘எண்டர்’, ‘ரீச்’, ‘மேரி’ போன்றவற்றுக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு, இதற்கு ஒன்றும் வேண்டாம் என்று காட்டுங்கள். ஒன்றும் வேண்டாம் என்பதும் கற்க வேண்டிய செய்திதான்.

இதை எழுதும்போது ஏ. எஸ். ஹார்ன்பியின் நினைவு வருகிறது. அவர் 1924-இல் ஆங்கிலம் கற்பிக்க ஜப்பானுக்குப் போனவர். ஜப்பானிய மொழியிலும் நம் மொழியைப் போலவே உறவைக் காட்டும் உருபு பெயருக்குப் பின்னால்தான் ஒட்டும். அந்த மாணவர்களுக்குப் பாடம் சொன்ன அனுபவத்தில், சொல்லுக்குப் பொருள் மட்டும் தந்தால் போதாது, ஒவ்வொரு வினையும் வாக்கியத்தில் எந்த அமைப்பில் வரும் என்றும் காட்ட வேண்டும் என்று முடிவுசெய்து, துணையாசிரியர்கள் இருவரோடு அவர் தொகுத்த அகராதி 1942-இல் டோக்கியோவில் வெளிவந்தது. 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை வெளியிட்டது. இன்று உலகம் முழுக்க மாணவர்கள் புரட்டும் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதி அதிலிருந்து வளர்ந்ததுதான். கிழக்கில் ஒரு வகுப்பறையின் தேவையிலிருந்து பிறந்த நூல் அது. வினையோடு வரும் ப்ரிபோசிஷனைத் தடித்த எழுத்தில் காட்டும் அப்படிப்பட்ட அகராதி ஒன்றாவது பள்ளி நூலகத்தில் இருக்கட்டும், பிள்ளைகளின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

‘கிவ் அப்’, ‘ரன் அவே’, ‘ரைட் டவுன்’ போன்ற கூட்டு வினைகள் தனிக் கடல். ஒன்று மட்டும் சொல்கிறேன். சாப்பிட்டுவிடு, எழுதிக்கொள், தூக்கிப்போடு, ஓடிப்போ என்று நாம் ஒரு வினையோடு இன்னொரு வினையை ஒட்டி நிறமேற்றுகிறோமே, அந்த வேலையை ஆங்கிலம் ‘அப்’, ‘டவுன்’, ‘அவே’ போன்ற சிறு சொற்களைக் கொண்டு செய்கிறது. ‘ஈட் அப்’ என்பதில் மேலே எதுவும் இல்லை, சாப்பிட்டுவிடு என்பதில் எதையும் விடவும் இல்லை. ஜல்லிக்கட்டைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் நம் பிள்ளைகள் எழுதித் தள்ளுவார்கள். திமிலைப் பிடித்தான் என்பதற்கும் பிடித்துக்கொண்டான் என்பதற்கும் உள்ள வித்தியாசம் அவர்களுக்குத் தெரியும். ‘ஹோல்ட்’, ‘ஹோல்ட் ஆன் டு’ இரண்டையும் அந்தக் கட்டுரையை வைத்தே சொல்லித்தரலாம்.

எல்லாத் தப்பும் ஒரே எடை இல்லை என்றும் நினைக்கிறேன். ‘கோப் அப் வித்’, ‘டிஸ்கஸ் அபவுட்’ போன்றவை இந்தியா முழுக்கப் படித்தவர்கள் வாயிலேயே புழங்குகின்றன. பிரிட்டனில் ‘அட் த வீக்கெண்ட்’ என்பதை அமெரிக்காவில் ‘ஆன் த வீக்கெண்ட்’ என்கிறார்கள். பேச்சில் வரும் இத்தகைய வழுக்களுக்காகப் பிள்ளையை நடுவில் நிறுத்தித் திருத்தாதீர்கள். பேச்சு அறுந்துவிடும், அடுத்த முறை வாயே திறக்காது. எறிந்தது கல்லா எலும்பா, பயம் பாம்பிடமா பாம்புக்காகவா என்று பொருளே புரண்டுபோகும் இடங்களில் கண்டிப்பாக நில்லுங்கள். எழுத்தில் எல்லாவற்றையும் பாருங்கள். தேர்வுத்தாளும் வேலை விண்ணப்பமும் எழுத்தில்தான் இருக்கின்றன.

ஆங்கில வகுப்பில் தமிழா என்று ஆய்வுக்கு வருபவர்கள் கேட்கலாம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நம் மாவட்டத்துக்கு உரிமை இருக்கிறது. 1991-இல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது இங்கே நடந்த அறிவொளி இயக்கத்தில், எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்குத் தொண்டர்கள் அவர்களின் அன்றாட வாழ்வில் புழங்கிய சொற்களிலிருந்து எழுத்தைச் சொல்லித்தந்தார்கள். கல்குவாரியில் உழைத்த பெண்களும் வயல்வேலை செய்த பெண்களும் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். அவர்களின் பேரப் பிள்ளைகள்தான் இன்று உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போகும் முறை இந்த மண்ணில் ஏற்கெனவே பலன் தந்த முறை. பிள்ளைக்குத் தெரிந்தது தமிழ். அதை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வா என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

அடுத்த குறுவளமையக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் உங்கள் வகுப்பு நோட்டுகளிலிருந்து இத்தகைய வாக்கியங்களை, பிள்ளையின் பெயரில்லாமல், ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். எந்த ஆங்கிலச் சொல் தப்பிப்போனது என்று பிரிக்காமல், பின்னால் நிற்கும் தமிழ் உருபு எது என்று பார்த்துப் பிரிப்போம். ஐ ஒரு கட்டு, கு ஒரு கட்டு, இல் ஒரு கட்டு, ‘இடம்’ ஒரு கட்டு. எந்தக் கட்டு பெரிதாக இருக்கிறதோ அதிலிருந்து இந்தப் பருவத்துப் பாடத்தைத் தொடங்கலாம். கு-தான் பெரிதாக இருக்கும் என்பது என் ஊகம்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி,
விராலிமலை